இயந்திரம் மீட்டும் யாழ்

யாழினை மீட்டுபவரின் விரல்கள் பெரும்பாலும் ஒரு தந்தியிலிருந்து மறு தந்திக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சுரங்கள் ஒருங்கே எழாமல், கோவையிலிருந்து உதிரும் மணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்து செவியில் விழும். இத்தாலிய மொழியில் இவ்வகை நரம்புக் கருவிக்கு 'ஆர்ப்பா' என்று பெயர். அப்பெயரிலிருந்து பிறந்ததே 'ஆர்பெஜியோ' என்னும் இசைச் சொல். மூன்று நான்கு சுரங்களை ஒரே வேளையில் ஒலிக்கச் செய்வதை மேலைநாட்டார் 'கோர்ட்' என்பர். சுரக்கூட்டு என்று தமிழிற் கூறலாம். அச்சுரக்கூட்டைப் பிரித்து, அதன் சுரங்களை ஒரு நிரையில் ஒலிக்கச் செய்வதே ஆர்பெஜியோ. யாழ்நடை என்று அதற்குப் பெயர் சூட்டினால் பிழையாகாது.

பழந்தமிழர் போற்றிய யாழ் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆயிற்று. அதன் இலக்கணத்தை ஆராய்ந்து சுவாமி விபுலானந்தர் இயற்றிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. கருவி மறைந்தபோதிலும், பிரித்து மீட்டும் ஒலியின் இன்பத்தைத் தமிழ்ச் செவிகள் இழந்துவிடவில்லை. கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் ஒலிக்கும் தம்புராவை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பஞ்சமம், சட்சம், மீண்டும் சட்சம், பின்னர் மந்தர சட்சம் என நான்கு தந்திகளும் முறை தவறாமல் மீட்டப்படுகின்றன. முன்னைய ஒலி மறையுமுன் அடுத்தது எழுகின்றது. நான்கும் கலந்து ஒரே நாதமாகின்றன. தனித்தனியே தொட்டாலும் ஒன்றாய் ஒலிப்பது என்ற இந்த வித்தையிலேதான் ஆர்பெஜியோவின் உயிர் இருக்கிறது.

ஐரோப்பாவில் இவ்வித்தையைப் பெரிதும் வளர்த்தவை கட்டைகளால் வாசிக்கப்படும் கருவிகள். பியானோ பரவுவதற்கு முன்னர் அங்கு விளங்கிய ஹாப்சிகோட் என்னும் கருவியில் தந்தி சுண்டப்படும். சுண்டிய ஒலி விரைவில் மங்கிவிடும். நெடுநேரம் நிற்க வேண்டிய சுரக்கூட்டைப் பிரித்துப் பிரித்து வாசித்தால், மங்கும் ஒலிக்கு மேல் புதிய ஒலி பிறந்துகொண்டே இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வெனிஸ் நகரத்து இசைவாணர் டொமெனிக்கோ அல்பேர்ட்டி இடக்கைக்குக் கையாண்ட ஒரு முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கீழ்ச்சுரம், மேற்சுரம், இடைச்சுரம், மீண்டும் மேற்சுரம் என்பது அதன் வைப்பு முறை. ச, க, ப என்ற சுரக்கூட்டானால் ச ப க ப என்று அது ஓடும். 1788இல் மோட்ஸார்ட் இயற்றிய சி மேஜர் பியானோ சொனாட்டா இந்த நடையோடுதான் தொடங்குகிறது. பியானோ பயிலும் சிறுவர் எத்தனையோ பேருடைய இடக்கைக்கு அது நன்கு பழக்கமானது.

கையால் வாசிக்கப்பட்ட இந்த நடையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். சிந்தசைசர் என்பது மின்னோட்டத்தின் அதிர்வுகளிலிருந்து இசையொலியை உருவாக்கும் இலத்திரனியற் கருவி. 1978இல் யப்பானிய நிறுவனமான றோலன்ட் வெளியிட்ட ஜூப்பிட்டர்-4 என்னும் சிந்தசைசரில் ஆர்பெஜியோவைத் தானே வாசிக்கும் ஒரு பொறி அமைந்திருந்தது. வாசிப்பவர் சில கட்டைகளை அழுத்தி வைத்திருந்தால் போதும். கருவியே அச்சுரங்களை ஏறுமுகமாகவோ, இறங்குமுகமாகவோ, ஏறியிறங்கியோ, எழுமாறாகவோ ஒலிக்கும். 1982இல் வெளிவந்த 'ரியோ' என்ற பாடலின் தொடக்கத்தில் சிதறி மின்னும் சுரங்களை, டுரான் டுரான் குழுவின் நிக் றோட்ஸ் இக்கருவியின் எழுமாற்று நடையைக் கொண்டே அமைத்தார். எந்தச் சுரங்கள் ஒலிக்க வேண்டும் என்பதை மனிதர் தீர்மானித்தார். எந்த நிரையில் என்பதைப் பொறி தீர்மானித்தது.

அந்நாளைய பொறி அறிந்திருந்தவை சில விதிகள் மாத்திரமே. அந்நிலை மாறுவதற்கு வழி வகுத்தது 'மிடி' என்னும் பொது மொழி. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்காக அது வகுக்கப்பட்டது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு ஒன்றையொன்று இயக்கின. இப்பணிக்காக இக்குதாரோ காக்கேஹாஷி, டேவ் ஸ்மித் ஆகிய இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. மிடி மொழியில் ஒவ்வொரு சுரமும் ஓர் எண். பியானோவின் நடுவிலுள்ள சி சுரத்துக்கு எண் 60. கட்டையை எவ்வளவு வேகத்தோடு தொட்டார் என்பது 1 முதல் 127 வரையுள்ள மற்றோர் எண். இவ்வாறு இசை எண்ணாகியதும் அதனைப் பதிந்து வைக்கவும், திருத்தவும், விரும்பிய வேளையில் மீட்டெடுக்கவும் முடிந்தது.

அதன் பின் வந்தன 'வேர்க்ஸ்டேஷன்' எனப்படும் கருவிகள். பலவகை வாத்தியங்களின் ஒலி, தாளக்கருவிகள், இசையைத் தடந்தடமாகப் பதியும் வசதி, முழக்கம் முதலான ஒலி நயங்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியவை அவை. கொர்க் நிறுவனம் 1988இல் வெளியிட்ட எம்1 இவ்வகையிற் பெரும் புகழ் பெற்றது. யமஹா நிறுவனத்தின் மோட்டிஃப் வரிசை 2001இல் தொடங்கியது. அவ்வரிசையில் 2007இல் வந்த மோட்டிஃப் எக்ஸ்எஸ் என்னும் கருவியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆர்பெஜியோக்கள் ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தன. கிதார் மீட்டும் நடை, யாழ் நடை, தாளக்கருவிகளின் நடை என ஒவ்வொரு தேவைக்கும் அங்கே ஒன்று காத்திருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஆறாயிரம் இருக்க, ஆறாயிரத்து ஒன்றாவதை ஒருவர் தாமே செய்துகொள்வது எதற்காக?

ஆயத்தமாகக் கிடைக்கும் நடை பழுதற்றதாக இருக்கலாம். ஆனால் அதற்குள் இருப்பது வேறொருவருடைய கையின் பழக்கம். எந்தச் சுரத்தை அழுத்துவது, எதனை மெல்லத் தொட்டு நகர்வது, எங்கே மூச்சு விடுவது என்பவற்றையெல்லாம் யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையிலிருந்து முன்னரே முடிவு செய்துவிட்டார். அதே நடையை அக்கருவியை வாங்கிய ஒவ்வொருவரும் பயன்படுத்தலாம், பயன்படுத்துகிறார்கள். ஒரு கையால் மூன்று கட்டைகளைத் தொட்டு ஒரு பெருங்குழுவின் ஆரவாரத்தை எழுப்பும்போது, புதிதாகப் பயில்பவரின் உள்ளம் பூரிக்கும். ஆனால் சில திங்கள் கழிந்த பின், தம் இசையில் தமது பங்கு எவ்வளவு என்ற ஐயம் அவருக்குள் தலைகாட்டும். அந்த ஐயத்துக்கு விடை தேடும் முயற்சியே சொந்த ஆர்பெஜியோ அமைத்தல்.

மோட்டிஃப் எக்ஸ்எஸ் கருவியில் இதற்கான வழி எளியது. முதலில் கருவியின் பதிவுத் தடமொன்றில் வேண்டிய நடையை வாசித்துப் பதிய வேண்டும். பின்னர் தடத்தை ஆர்பெஜியோவாக மாற்றும் கட்டளையைத் தேர்ந்து, எந்தத் தாளக்கூறு முதல் எதுவரை வேண்டும், எந்தத் தடம் வேண்டும் என்று குறிக்க வேண்டும். ஒரே ஆர்பெஜியோவில் நான்கு தடங்கள் வரை சேரலாம். இவ்வாறு அமைத்தவற்றை வைப்பதற்கு 256 இடங்கள் உண்டு. இவ்வளவும் பொத்தான்களை அழுத்தும் வேலை. அரை மணி நேரத்திற் கற்றுக்கொள்ளக்கூடியது. அரிய பகுதி, பதிவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய சிந்தனையில் இருக்கிறது.

முதலாவது முடிவு, கருவி அந்த நடையை எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது. இதற்கு மூன்று வகைகள் உண்டு. முதல் வகையில், வாசிப்பவர் அழுத்தும் சுரங்களும் அவற்றின் மேல் கீழ் ஸ்தாயிகளுமே ஒலிக்கும்; பதிவிலிருந்து கருவி பெற்றுக்கொள்வது அவற்றின் வைப்பு முறையையும் தாளத்தையுமே. அல்பேர்ட்டியின் நடைக்கு இது ஏற்றது. இரண்டாம் வகையில், எந்தக் கட்டையைத் தொட்டாலும் பதிந்தது பதிந்தபடியே ஒலிக்கும். மத்தளம் முதலிய தாளக்கருவிகளுக்கு இதுவே வேண்டும். அங்கே சுரக்கட்டை என்பது சுரத்தைக் குறிப்பதன்று, ஒரு கருவியைக் குறிப்பது. மூன்றாம் வகையில், பதிந்த தொடர் அழுத்தப்படும் சுரக்கூட்டுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பதிந்தபோது ஆதாரமாக இருந்த சுரம் எது என்பதைக் கருவிக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். கிதார் நடைக்கும், கூட்டில் இல்லாத சுரங்கள் இடையில் வந்து போகும் தொடர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு வரம்பும் உண்டு. எத்தனை தடங்களைச் சேர்த்தாலும், ஓர் ஆர்பெஜியோவில் இடம்பெறும் வெவ்வேறு சுரங்கள் 16க்கு மேற்படலாகாது. மேற்பட்டால் கருவி மிகுதியைக் குறைத்துவிடும். இதனைக் குறையென்று சலித்துக்கொள்வோர் இருக்கக்கூடும். ஆனால் அல்பேர்ட்டியின் நடைக்குத் தேவையானவை மூன்றே சுரங்கள்; தம்புராவுக்கு அதனினும் குறைவு. பதினாறும் போதவில்லை என்று தோன்றும்போது, அங்கே நடை இருக்கிறதா, வெறும் சுரக்குவியல் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

இனி, ஓர் எடுத்துக்காட்டு. நான்கு அடி கொண்ட ஒரு தாளக்கூற்றில் ச ப க ப, ச ப க ப என எட்டுச் சுரங்கள் பதியப்படுவதாகக் கொள்வோம். எட்டும் ஒரே அழுத்தத்தில், ஒரே நீளத்தில் இருந்தால், அது தையல் இயந்திரத்தின் ஊசி போல ஓடும். முதற் சட்சத்தின் அழுத்தத்தை 95 என்றும், ஐந்தாவதாக வரும் சட்சத்துக்கு 82 என்றும், ஏனையவற்றுக்கு 60க்கும் 70க்கும் இடையிலும் வைத்தால், தாளத்தின் தலை எது, இடை எது என்பது செவிக்கு உடனே புலப்படும். அடுத்து நீளம். இக்கருவி ஓர் அடியை 480 நுண்பங்குகளாகப் பிரிக்கிறது. நிமிடத்துக்கு 125 அடி என்ற வேகத்தில் ஒரு நுண்பங்கு சரியாக ஒரு மில்லிசெக்கன். அரையடிச் சுரம் ஒவ்வொன்றுக்கும் 240 பங்கு இடமுண்டு. இரு சட்சங்களையும் 400 பங்கு நீள விட்டு, பஞ்சமங்களை 150 பங்கில் முடித்தால், அடியில் ஒரு நாதம் நிலைத்து நிற்க, மேலே துளிகள் தெறிக்கும். எட்டாவது சுரத்தை முற்றாக நீக்கிவிட்டால் அங்கே ஒரு மௌனம் பிறக்கும். அந்த மௌனமே அடுத்த சுற்றின் முதற் சட்சத்தை எதிர்பார்க்க வைக்கும். சுரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆயினும் நடை வேறாகிவிட்டது.

காலப் பிசகு பற்றியும் கவனம் வேண்டும். மனிதக் கை எந்தச் சுரத்தையும் கணக்குப் பிசகாமல் தொடுவதில்லை. சிறிது முந்தும், சிறிது பிந்தும். பதிந்த சுரங்களையெல்லாம் கோடு போட்டாற்போல நேராக்கும் வசதி கருவியில் உண்டு. அதனை முழுமையாகப் பயன்படுத்தினால் உயிர் போய்விடும் என்று அஞ்சுவோர் உளர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் ஆர்பெஜியோவில் மற்றொரு சிக்கல் இருக்கிறது. மூன்றாவது சுரம் 30 மில்லிசெக்கன் பிந்தி விழுந்தது என்று வைத்துக்கொண்டால், அந்த நடை நூறு முறை சுழலும்போது நூறு முறையும் அதே சுரம் அதே அளவு பிந்தி விழும். ஒருமுறை நிகழ்ந்தால் அழகாகத் தோன்றுவது ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தால் நொண்டி நடையாகத் தோன்றும். ஆதலால் ஒரே தாளக்கூற்றோடு நிறுத்தாமல், நான்கு கூறுகளை வாசித்துப் பதிவதே தக்கது. நான்கும் ஒரே நடையாயினும் நான்கிலும் கை சற்று வெவ்வேறாகச் சென்றிருக்கும். செவி அந்த வேறுபாட்டை எண்ணிக் கணக்கிடாது. ஆனால் சலிப்படையாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

அமைத்து முடிந்த பின்னரும், வாசிப்பவரின் கைக்கு எவ்வளவு உரிமை விடுவது என்பது அவர் முடிவே. அழுத்தத்தைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உள. பதிந்த எண்களின்படியே ஒலிக்கச் செய்யலாம். அல்லது மேடையில் கட்டைகளைத் தொடும் வேகத்துக்கு இசைய ஒலிக்கச் செய்யலாம். நிரையைப் பொறுத்தும் இவ்வாறே. கட்டைகளை எந்த ஒழுங்கில் அழுத்தினாலும் ஒரே நடை வருமாறு வைக்கலாம். அழுத்தும் ஒழுங்குக்கு ஏற்ப நடை மாறுமாறும் வைக்கலாம். முன்னையது பாதுகாப்பானது. பின்னையதில் தவறு நேரக்கூடும். ஆனால் தவறு நேரக்கூடிய இடத்திலேதான் வாசிப்பு என்று ஒன்று இருக்க முடியும்.

இவை யாவற்றினும் பெரிய கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. அது நிறுத்தத்தைப் பற்றியது. ஜொஹான் செபஸ்தியன் பாக் 1722இல் தொகுத்த 'நன்கு சுருதி சேர்க்கப்பட்ட கிளேவியர்' என்னும் நூலின் முதற் பகுதி ஒரு சி மேஜர் முன்னிசையோடு தொடங்குகிறது. 35 தாளக்கூறுகள் கொண்ட அச்சிறிய உருப்படி, முதல் 32 கூறுகளிலும் ஒரே ஆர்பெஜியோ வடிவத்தையே கொண்டது. ஒவ்வொரு கூற்றிலும் அவ்வடிவம் இருமுறை வருகிறது. மாறுவது சுரக்கூட்டு மாத்திரமே. இற்றைநாள் வேர்க்ஸ்டேஷன் ஒன்றில் அவ்வடிவத்தைப் பதிந்து, சுரக்கூட்டுகளை முறைப்படி அழுத்திக்கொண்டு போனால், அந்த 32 கூறுகளையும் இயந்திரம் வழுவின்றி வாசித்துவிடும். ஆனால் 33ஆவது கூற்றில் பாக் அந்த வடிவத்தைக் கைவிடுகிறார். கை விரிந்து மேலேறி இறங்குகிறது. 34ஆவது கூற்றிலும் அந்த விரிவு தொடர்கிறது. 35ஆவதில் ஒரு சுரக்கூட்டு நின்று ஒலிக்க, எல்லாம் அடங்குகிறது. இதுவரை ஓடிய நடை இனி வேண்டாம் என்று ஒருவர் தீர்மானித்த அந்தக் கணத்திலேதான், அது வரை ஓடியது முழுவதும் பொருள் பெறுகிறது.

இயந்திரத்துக்கு அந்தக் கணம் தெரியாது. கட்டையை விட்ட பின்னும் தொடருமாறு அமைத்திருந்தால், நிறுத்தும் வரை அது விடியும்வரையும் வாசிக்கும். எனவே, ஆர்பெஜியோ அமைப்பவர் ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு ஓய்வது போதாது. மோட்டிஃப் எக்ஸ்எஸ் போன்ற கருவியில் ஓர் ஒலிக்கு ஐந்து ஆர்பெஜியோக்களை ஐந்து பொத்தான்களில் அமைத்து, வாசிக்கும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடியும். முதலாவது, பாடகர் பாடத் தொடங்கும்போது ஒலிக்க வேண்டிய அடக்கமான நடையாகலாம். இரண்டாவது, அதனையே சற்று நிறைவாக்கியது. மூன்றாவது, உச்சிக்குரியது. நான்காவது, மூச்சு வாங்கும் இடத்துக்கு இரண்டே சுரங்கள் கொண்டது. ஐந்தாவது, முடிவுக்குரிய விரிவு. ஐந்தும் ஒரே கையிலிருந்து பிறந்தவையானால், கேட்பவர் அவற்றை ஒரே குரலின் ஐந்து நிலைகளாக உணர்வர். ஆயத்தமாய்க் கிடைக்கும் ஆறாயிரத்திலிருந்து ஐந்தைப் பொறுக்கி எடுத்தால் இந்த உறவு எளிதில் வாய்ப்பதில்லை.

இயந்திரம் கலையைக் கெடுத்துவிட்டது என்று ஒரு சாராரும், இயந்திரம் இருக்கக் கை எதற்கு என்று மறு சாராரும் வாதிடுவதுண்டு. தம்புராவை மீட்டும் மாணவர் இரு சாராருக்கும் விடை சொல்லக்கூடும். மணிக்கணக்காக நான்கே தந்திகளை மீட்டுவது பார்ப்பதற்கு இயந்திரத்தின் வேலை போலவே தோன்றும். ஆனால் நல்ல மாணவர் பாடகரின் குரலைக் கேட்டுக்கொண்டே மீட்டுகிறார். குரல் தாழ்ந்தால் அவர் விரலும் தாழ்கிறது. சொந்தமாக ஓர் ஆர்பெஜியோவை அமைக்க அமர்பவருக்கும் வேண்டியது இந்தச் செவியே. பதினாறு சுரங்கள் வரை இயந்திரம் நினைவில் வைத்துக்கொள்ளும், அயர்வின்றி மீட்டும். எட்டாவது சுரத்தை நீக்கி அங்கே மௌனத்தை வைக்கச் சொன்னவர் கட்டையின் முன் அமர்ந்திருப்பவர். அவர் கையை எடுக்கும்போது, அந்த மௌனமும் அவருடையதாகவே எஞ்சும்.